பதினொன்றாம் தேதி என்று எழுதிய அட்டை

ஓர் அழைப்பிதழின் பின்பக்கம். நீல மை, ஆங்கிலம், நான்கு வரி. தமிழில் இப்படி வரும்: "இவர் தகப்பனாக நடித்ததை நான் பார்த்தேன். இவர் பேசும்போது அரங்கத்தில் ஒரு நாற்காலிகூடச் சத்தம் போடவில்லை. ஐம்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன்." நான்காவது வரி கையெழுத்து. அதன் கீழே தேதி: பிப்ரவரி 11.

தேதி தவறு. நாடகம் நடந்தது பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, ஷார்ஜாவில். பதினொன்றாம் தேதி செவ்வாய். அன்று காலை அந்தத் தகப்பன் வேடக்காரர் திருச்சி விமான நிலையத்தில் தன் அட்டைப்பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அட்டையை மட்டும் நம்பினால் அவர் ஒரே நாளில் இரண்டு ஊரில் இருந்திருக்க வேண்டும்.

நான் ஷார்ஜாவில் ரோலா பகுதியில் குடியிருப்பவன். கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் ஆவணப் பிரிவில் வேலை. சரக்குச் சீட்டில் தேதி ஒரு நாள் பிசகினால் வங்கி ஆவணக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். சரக்கு நிஜமாகவே கப்பல் ஏறியதா என்று வங்கி கேட்காது. காகிதம் சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்கும். இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்தவனுக்குத் தேதி தெரியாதவர்கள்மீது மரியாதை வராது. வீட்டிலும் நோட்டு வைத்திருக்கிறேன். ரோலாவில் எந்தக் கடை எந்த மாதம் மூடியது, எந்த மழைக்கு எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எங்கள் தமிழ்ச் சங்கத்தின் எந்தக் கூட்டம் எத்தனை நிமிடம் தாமதமாகத் தொடங்கியது என்று எல்லாம் அதில் இருக்கும்.

கடைசியாகச் சொன்னதற்கே ஒரு தனி நோட்டு தேவைப்பட்டது.

நவம்பர் முதல் வாரம் சங்கச் செயலாளர் போன் செய்தார். திருநெல்வேலிக்காரர், காப்பீட்டு முகவர்.

"அண்ணாச்சி, இந்த வருசம் ஆண்டு விழாவுக்கு ஒரு வெள்ளக்காரரப் புடிச்சிருக்கோம். லண்டன் நடிகராம். நாடகம், டீவி எல்லாத்துலயும் வந்திருக்காராம்."

"எந்த நாடகத்தில்?"

"அதத்தான் நீங்க விசாரிச்சு எழுதணும். அறிமுக உரை உங்களுக்குத்தான். நம்மள்ல தேதியோட பேசுத ஆளு நீங்க ஒருத்தர்தான்லா."

தமிழ் நாடகம் ஒன்றுக்கு ஒரு தமிழ்ச்சொல்கூடத் தெரியாத ஒருவர் சிறப்பு விருந்தினர். ஏன் என்று நான் கேட்கவில்லை. பதில் அவருடைய தோலின் நிறத்தில் இருந்தது. போன வருடம் நகைக்கடை முதலாளி, அதற்கு முந்தைய வருடம் ஒரு பல் மருத்துவர். இரண்டு பேரும் நாடகம் தொடங்குமுன் எழுந்து போனார்கள். இவராவது உட்கார்ந்திருப்பார், புரியாத மொழியில் எழுந்துபோக வேண்டிய இடம் எதுவென்று தெரியாதே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று சனிக்கிழமை ரோலாவிலிருந்து பஸ் ஏறி, மெட்ரோ மாறி, துபாய் மெரினாவில் இருந்த அவர் மகளின் ஃபிளாட்டுக்குப் போனேன். மகளுக்கு ஒரு வங்கியில் வேலை. அவருக்கு எழுபத்தாறு வயது. இங்கே கம்பெனி மேலாளர்களுக்கு எப்படிப் பேசுவது என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "வயிற்றிலிருந்து பேசுங்கள்" என்று சொல்லிக்கொடுப்பாராம். வயிற்றுக்காகப் பேசுகிறவர்களுக்கு அதைச் சொல்லித்தர லண்டனிலிருந்து ஓர் ஆள் வேண்டியிருந்தது.

எல்லோரையும் 'மை டியர்' என்பார். என்னையும், தேநீர் கொண்டுவந்த பெண்ணையும், போனில் வந்த கார் மெக்கானிக்கையும். பெயர்களை நினைவில் வைக்காமல் ஐம்பது வருடம் ஓட்டுவதற்கு இது நல்ல வழி. தேதிகளுக்கும் அவரிடம் அதே மாதிரி ஒரு வழி இருந்தது.

"அந்த நாடகம் எந்த வருடம்?"

"புல்லெல்லாம் கருகிப்போன கோடை ஒன்று வந்ததே, அந்த வருடம்."

"தொலைக்காட்சித் தொடரில் எப்போது சேர்ந்தீர்கள்?"

"என் முதல் மனைவி போன பிறகு. இரண்டாவது மனைவி வருவதற்கு முன்."

"போன" என்றால் இறந்தா, பிரிந்தா என்று கேட்டேன். "வேன் ஏறி" என்றார்.

நானே தேடித் தேடி அடுக்கியதில் கிடைத்த வாழ்க்கை இவ்வளவுதான். வட இங்கிலாந்தில் கறிக்கடைக்காரர் மகன். உதவித்தொகையில் நடிப்புப் பள்ளி. பிறகு சின்ன ஊர்களில் இருந்த நாடகக் குழுக்கள்: வாரம் ஒரு நாடகம், மாலையில் இந்த வார நாடகத்தில் நடித்துவிட்டு காலையில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை. பதினோரு வருடம் அப்படி. பிறகு தொலைக்காட்சியில் ஒரு போலீஸ் தொடர்; மூன்று வருடம் சார்ஜெண்டாக வந்தார். கதவைத் திறந்து, "சார், ஒரு பெண்மணி உங்களைப் பார்க்க வந்திருக்கிறார்" என்று சொல்லி, கதவை மூடுகிற சார்ஜெண்ட். மூன்றாவது வருடக் கடைசியில் படிக்கட்டில் உருண்டு செத்தார். அதன்பின் குழம்புப் பொடி விளம்பரம் ஒன்றில் மாமனார். பிறகு சுற்றுலாக் கப்பலில் மாலை நேரங்களில் கவிதை வாசிப்பு. பிறகு துபாய்.

கதவு திறந்து கதவு மூடிய இந்த வாழ்க்கையை எங்கள் சங்கம் அழைப்பிதழில் 'உலகப் புகழ்பெற்ற' என்று அச்சடித்திருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, நான் பேனாவை மூடிய பிறகு, அவர் ஒன்று சொன்னார். லண்டனில் ஒரு பெரிய அரங்கம். அரசன் வேடத்தில் நடிக்கும் முதன்மை நடிகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவருக்குப் பதிலாள் இவர். மாலை ஐந்து மணிக்குச் சொன்னார்களாம், ஏழரைக்கு மேடை. அரங்கம் நிறைந்த கூட்டம். மறுநாள் அந்த நடிகருக்குத் தொண்டை சரியாகிவிட்டது.

"ஒரே ஓர் இரவு, மை டியர்."

"தேதி?"

"ஜனவரி. புத்தாண்டு முடிந்த வாரம்." வருடத்தையும் யோசித்து ஒன்று சொன்னார்.

பேனாவைத் திரும்பத் திறந்தேன். "நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயர் இருக்குமா?"

"நிரலை முன்பே அச்சடித்துவிடுவார்களே. என் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் அடித்து உள்ளே செருகி வைத்தார்கள். சீட்டுகள் என்ன ஆகும்? தரையில் விழும். காலையில் பெருக்குவார்கள்."

சாட்சி இல்லாத சரக்குக்கு எப்போதும் இப்படி ஒரு கதை இருக்கும். நான் அந்த அரங்கத்தின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். ஜனவரி மூன்றாம் வாரம் பதில் வந்தது: அந்தப் பருவத்துக்கான பதிலாள் நடிகர் பதிவேடு தங்களிடம் இல்லை, வருந்துகிறோம். அதற்குள் வேறொன்று என் கையில் கிடைத்திருந்தது. பழைய நாடகக் காகிதங்கள் விற்கிற ஒருவர் இணையத்தில் போட்டிருந்த படம்: அவர் சொன்ன அதே வருடம், அதே ஜனவரி, வட இங்கிலாந்தில் ஒரு சிறுவர் கேளிக்கை நாடகம். மாதக் கடைசி வரை தினமும் இரண்டு காட்சி. நடிகர் பட்டியலில் ஏழாவது பெயர் இவருடையது. வேடம், தொப்பி பறந்துபோகும் போலீஸ்காரர்.

லண்டனில் அரசன், அதே வாரம் வடக்கே தொப்பி பறக்கும் போலீஸ்காரர். என் நோட்டில் சிவப்பு மையில் 'பொய்' என்று எழுதினேன். எழுதியபோது சந்தோஷமாக இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

இனி அந்தத் தகப்பன் வேடக்காரரைப் பற்றி. கட்டடங்களில் சாரம் கட்டுகிறவர், அறந்தாங்கிப் பக்கம். ஐம்பத்தொரு வயது, சஜா பக்கம் தொழிலாளர் கேம்ப், இருபத்திரண்டு வருடமாக வளைகுடா. அவருடைய கம்பெனி ஒப்பந்தம் முடிந்து, விசா கேன்சல் ஆகி, பிப்ரவரி பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். திரும்பி வருகிற டிக்கெட் இல்லை.

சங்க நாடகத்தை எழுதியவர் செயலாளர். விசா ஏஜெண்டின் மகளைக் காதலிக்கும் கதாநாயகன், நடுவே நாட்டுப்பற்று, முடிவில் எல்லோரும் கைகூப்புவது. அதில் தப்பித் தவறி ஒரு நல்ல காட்சி விழுந்திருந்தது: மகன் ஆறு மாதமாக எங்கே இருக்கிறான் என்றே தெரியாத ஒரு தகப்பன், ஏஜெண்டின் அலுவலகத்துக்கு வந்து கேட்பது. பன்னிரண்டு நிமிடம். அந்த வேடத்தை எடுத்திருந்த வங்கி அதிகாரி, மாமியார் விசிட் விசாவில் வந்துவிட்டதால் ஜனவரிக் கடைசியில் விலகினார். அழைப்பிதழ் அதற்குள் அச்சாகி, தகப்பன் என்பதற்கு எதிரே அவர் பெயரோடு வந்துவிட்டது. கேம்பிலிருந்து நாற்காலி அடுக்க வருகிறவர்களில் ஒருவராக இருந்த சாரக்காரர், "நான் வேணா சொல்லிப் பாக்கவா?" என்று கேட்டு, முழு வசனத்தையும் பார்க்காமல் சொன்னார். மூன்று மாதமாகத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

ஒத்திகை முடிந்து ஒரு ஞாயிறு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, வீடியோ எடுப்பாங்கள்ல? நம்ம சீனையும் முழுசா எடுப்பாங்களா?"

"எடுப்பார்கள். ஆள் பேசியிருக்கிறார்கள்."

"இல்லண்ணே, இருவத்திரெண்டு வருசமா வீட்டுக்கு நான் அனுப்புன போட்டோ பூராவும் மால் வாசல்ல நிக்கிற போட்டோதான். எம் பொண்ணு கேக்குது, 'ஏம்ப்பா, அங்க போயி நிக்கிறதத் தவிர வேற ஒண்ணும் செய்ய மாட்டியா?'ன்னு. இத ஒண்ணக் கொண்டுபோயி அதுக்குக் காட்டணும்."

"எடுப்பார்கள்" என்று திரும்பவும் சொன்னேன். என் நோட்டில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 9. அழைப்பிதழில் பிற்பகல் மூன்று மணி. வாடகைக்கு எடுத்த பள்ளி அரங்கம், ஏழு மணிக்குக் காலி செய்ய வேண்டும். கேம்ப் ஆட்களை ஏற்றி வந்த பஸ் ஆறரைக்குப் புறப்படும். நாற்பது பேருக்கு மறுநாள் விடிகாலை நாலரை மணிக்கு டூட்டி. இந்த மூன்று நேரமும் செயலாளருக்குத் தெரியும். நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

நான் இரண்டு நாற்பதுக்குப் போனபோது அரங்கத்தில் இரண்டே பேர். நடிகரும் சாரக்காரரும். உலகப் புகழ்பெற்றவர், அழைத்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே வந்து, வரவேற்க யாருமில்லாமல், மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சாரக்காரரின் ஒட்டு மீசையைச் சரி செய்துகொண்டிருந்தார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. இந்த ஊரில் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும் மூன்று நான்கு சொற்கள்தான்.

"கலாஸ்?" என்று கேட்டார் சாரக்காரர், முடிந்ததா என்று மீசையைத் தொட்டு.

"மாஃபி கலாஸ்" என்று அவர் கையைத் தட்டிவிட்டார் நடிகர். இன்னும் முடியவில்லை, பசை காய வேண்டுமாம்.

"அச்சா, அச்சா."

ஒன்றேகால் மணி நேரம் இப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சங்கத்தார் வந்து சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றியபோது மணி 4.05.

அதன்பின் நடந்ததை எங்கள் சங்கங்களைத் தெரிந்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: வாழ்த்துப் பாடல், ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பிள்ளைகள் படித்த தமிழ். வரவேற்புரை. தலைமையுரை. துணைத் தலைவர்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் 'ஒரே நிமிடம்' பேசினார்கள். பிறகு பொன்னாடை. பர் துபாய் மீனா பஜாரில் வாங்கிய பொன்னாடை ஆறு. போர்த்தப்பட்டவர்கள் பதினேழு பேர். படம் எடுத்து முடிந்ததும் தோளிலிருந்து கழற்றி, மடித்து, தட்டில் வைத்து, அடுத்தவருக்கு. தட்டோடு வீடியோக்காரரும் நகர்ந்தார். ஒரு தோளையும் அவர் விடவில்லை. தொடக்கத்திலேயே செயலாளர், "யாரும் செல்போனத் தூக்காதீங்க, அதிகாரபூர்வ வீடியோ வரும்" என்று அறிவித்திருந்தார். குடும்பத்தோடு வந்தவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தங்கள் பிள்ளைகளைப் படமெடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தவர்கள் பின்வரிசை கேம்ப் ஆட்கள் மட்டும்தான்.

5.20க்கு என்னை அழைத்தார்கள். அறிமுக உரைக்கு நான்கு நிமிடம். அவர் பிறந்த ஊரிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு தேதியையும் சொன்னேன், எங்கே அவர் சொன்னது தவறு, எந்தக் காகிதத்தைக் கொண்டு திருத்தினேன் என்பதையும் சொன்னேன். கடைசியில் லண்டன் இரவுக்கு வந்தேன். இரண்டு காகிதங்களையும் தூக்கிக் காட்டினேன். 'பொய்' என்று மேடையில் சொல்வது நாகரிகமில்லை என்பதால், "இது சரிபார்க்கப்படவில்லை" என்று, அழுத்தம் கொடுத்துச் சொன்னேன்.

யாரும் கேட்கவில்லை. முன்வரிசை சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடிகருக்குத் தமிழ் தெரியாது. தன் பெயர் வந்த ஒவ்வொரு முறையும் தலை குனிந்து புன்னகைத்தார். அவர் ஊரறியப் பொய்யர் ஆன இடத்தில் கைகூப்பினார். நான் இறங்கியபோது மணி 5.37.

பிறகு புரவலர்களுக்கு நினைவுப் பரிசு. அது முடிந்து 5.58க்கு சிறப்பு விருந்தினர் உரை, இருபது நிமிடம். கணக்குப் போடத் தெரிந்த யாருக்கும் தெரிந்திருக்கும்: 6.18க்கு நாடகம், முதல் காட்சி கால் மணி நேரம், தகப்பன் வரும்போது பஸ் போயிருக்கும். திரை ஓரத்தில் சாரக்காரர் நின்றிருந்தார். மீசைப் பசைக்கு மேல் வேர்த்து வழிந்தது. அவர் மேடையைப் பார்க்கவில்லை. அரங்கத்தின் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பஸ் டிரைவர், பெஷாவர்க்காரர், வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

நடிகரும் அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு மைக்குக்குப் போனார். ஆங்கிலத்தில் பேசினார். அவர் வயிற்றிலிருந்து வந்த குரலா என்று எனக்குத் தெரியாது; மைக் இல்லாமலே கேட்டிருக்கும்.

"நான் வேலை கற்றுக்கொண்ட ஊரில் கடைசிப் பேருந்து பத்து மணிக்குப் பத்து நிமிடம் முன்பு. மில் வேலைக்குப் போகிறவர்கள் அதில்தான் வீடு போக வேண்டும். நாடகம் நீண்டுபோனால் நாங்கள் இரண்டாம் அங்கத்தை வெட்டுவோம். பேருந்தை ஒருநாளும் வெட்டியதில்லை. எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். அதை அந்தத் தகப்பனுக்குக் கொடுக்கிறேன். இப்போதே போடுங்கள். இதுதான் என் உரை."

சொல்லிவிட்டு இறங்கி, முன்வரிசைக்கு வராமல், கேம்ப் ஆட்களோடு போய் உட்கார்ந்தார்.

கதாநாயகனாக நடித்தவர் துணைத் தலைவர்களில் ஒருவர். முகத்தில் பவுடரோடு ஓடி வந்தார். "மொத சீன் இல்லாம ரெண்டாவது சீனா? கதை எப்படிங்க புரியும்?"

"பேசாம இரும்யா" என்றார் செயலாளர். "சிறப்பு விருந்தினர் சொல்லியாச்சு."

எங்கள் சங்கத்தில் பேருந்தைக் காக்க வைக்கலாம், பார்வையாளரைக் காக்க வைக்கலாம், ஊருக்கே போகிற ஒருவரைக் காக்க வைக்கலாம். பொன்னாடை போர்த்தப்பட்டவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை மட்டும் தட்ட முடியாது. அந்தப் பழக்கத்தை நான் இத்தனை வருடம் ஏளனம் செய்திருக்கிறேன். தமிழ் தெரியாத ஒருவர் ஒரே பிற்பகலில் அதற்கு ஓர் உபயோகம் கண்டுபிடித்திருந்தார். அது அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. என் உரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் மனதில் நின்றது.

செயலாளர் என் கையைப் பிடித்து வெளியே தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார்.

"நாலு நிமிசம்னு சொன்னா பதினேழு நிமிசம் பேசுதீரே அண்ணாச்சி! இப்ப அந்த ஆளு எங்க மானத்த வாங்கிட்டாருல்லா?"

"பதினேழு பேருக்கு ஆறு பொன்னாடை போர்த்தினீர்களே, அதற்கு எத்தனை நிமிடம் என்று சொல்லட்டுமா?"

"உங்க தேதி யாருக்கு வேணும்?"

"உங்கள் பொன்னாடை யாருக்கு வேண்டும்?"

இரண்டு பெரிய மனிதர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் 6.03க்கு ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. ஆள் இருக்கும் அரங்கத்தில் அவ்வளவு நேரம் ஒன்றும் கேட்காமல் இருந்ததாக என் சங்க நோட்டில் வேறு பதிவு இல்லை. 6.15க்குக் கைதட்டல். பழக்கத்தால் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது வினாடி.

தாழ்வாரத்தில் எங்களோடு மூன்றாவதாக ஒருவர் இருந்தார். வீடியோக்காரர். கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தார். நினைவுப் பரிசு வரைக்கும்தான் பேச்சாம். அவரை நான் பார்த்தேன். பையைப் பார்த்தேன். சாரக்காரருக்கு இரண்டு முறை 'எடுப்பார்கள்' என்று சொன்னவன் நான். உள்ளே போ என்று சொல்ல ஒரு வாய் போதும். அந்த வாய் பொன்னாடை எண்ணிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி பதிவாகாமல் போனதில், நடிகர்மீதும் சங்கத்தின்மீதும் எனக்கிருந்த இளப்பத்தின் பங்கு எவ்வளவு என்று அதன்பின் பலமுறை கணக்குப் பார்த்திருக்கிறேன்.

கேம்ப் ஆட்கள் வெளியே வந்தார்கள். மீசையோடு சாரக்காரரும்.

"அண்ணே, வீடியோ வந்துச்சா?"

பஸ் டிரைவர் "யல்லா பாய், யல்லா, ஜல்தி" என்று ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். செயலாளர் சொன்னார்: "விழா பூராவும் எடுத்திருக்குய்யா. நாடகம் மட்டும் இல்ல."

சாரக்காரர் தலையை ஆட்டினார். "சரிங்கண்ணே" என்றார். மீசையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்.

பின்னால் நடிகர் வந்துகொண்டிருந்தார். என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். மகளைப் பற்றியும் சொன்னேன். என் சட்டைப்பையிலிருந்து பேனாவை அவரே எடுத்தார். கீழே கிடந்த ஓர் அழைப்பிதழை எடுத்து, என் முதுகில் வைத்து எழுதினார். எழுதி முடித்தபோது சாரக்காரரை ஏற்றிக்கொண்டு பஸ் நகரத் தொடங்கியிருந்தது; ஜன்னல் வழியாக அட்டையை நீட்டினார். சாரக்காரர் வாங்கிக்கொண்டார். அந்த அட்டையின் முன்பக்கத்தில், தகப்பன் என்பதற்கு எதிரே, மாமியார் வந்த வங்கி அதிகாரியின் பெயர் இருக்கிறது. பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று என் முதுகுக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் அட்டையின் படம் வந்தது. கூடவே குரல் செய்தி.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? இந்த அட்டைய எம் பொண்ணு படிச்சுச்சுண்ணே. காலேஜு படிக்குதுல்ல, இங்கிலீசு அதுக்கு வரும். படிச்சிட்டு, 'ஏம்ப்பா, பதினொண்ணாந் தேதி காலையிலதான் உன்னத் திருச்சியில வந்து கூட்டிட்டு வந்தோம், அப்பறம் எப்படி அன்னைக்கி அங்க நடிச்சே? யாரு எழுதிக் குடுத்தா?'ன்னு கேக்குது. சிரிச்சுக்கிட்டுத்தாண்ணே கேக்குது. இருந்தாலும்... கேம்புல ஒரு தம்பி கொஞ்சமா எடுத்திருந்தான், அதுல முன்னாடி உக்காந்தவங்க மண்டையாத்தான் தெரியுது. நீங்க தேதி போட்டு ஒரு லெட்டர் எழுதி அனுப்புங்கண்ணே. நீங்க எழுதுனா சரியா இருக்கும்."

அன்று மாலை வெகு நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் ஒரே நாளில் இரண்டு ஊரில். முன்பக்கம் வேறொருவர் பெயர். சாட்சிக்காரர் தேதி தெரியாதவர். இந்தக் கட்டு என் மேசைக்கு வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் திருப்பி அனுப்பியிருப்பேன். அதே காரணங்களுக்காகத்தான் என் நோட்டில் இன்னொரு பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சொல்லை எழுதி வைத்திருந்தேன்.

கடிதம் எழுதினேன். 'நடித்ததைப் பார்த்தேன்' என்று எழுத முடியவில்லை, நான் பார்க்கவில்லை. எழுதியது இது: பிப்ரவரி 9, ஞாயிறு, இவர் தகப்பன் வேடத்தில் மேடையேறுவதற்காகத் திரை ஓரத்தில் நின்றதைப் பார்த்தேன். 6.03க்கு உள்ளே சிரிப்பு. பிறகு அமைதி. 6.15க்குக் கைதட்டல். மூன்றையும் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன். அட்டையில் உள்ள தேதி, எழுதியவருடைய பிழை.

மறுநாள் பதில் குரல் வந்தது. "பொண்ணு நம்பிருச்சுண்ணே. 'இப்படி ஒரு ஆளு பொய் எழுத மாட்டாரு'ன்னு சொல்லுது. கைதட்டுனது எவ்வளவு நேரம்னு மட்டும் போட விட்டுட்டீங்களே?"

நாற்பது வினாடி என்று எழுதி அனுப்பினேன்.

பிறகு சாரக்காரர் இன்னொன்று கேட்டார். லண்டனில் நடிகர் அரசன் வேடத்தில் ஓர் இரவு நடித்ததை நான் மேடையில் சொன்னபோது, அந்த அரங்கத்தில் அதைக் கேட்டவர் இவர் ஒருவர்தான் போலிருக்கிறது. "அது நெசமாண்ணே? அவரு அங்க நடிச்சவருன்னா, அவரு எழுதிக் குடுத்ததுக்கு ஒரு மதிப்பு இருக்குல்ல?"

நடிகரைக் கேட்டுப் பயனில்லை. கேட்டால் வேறொரு வாரத்தைச் சொல்வார், வேறொரு வருடத்தையும் சொல்வார். இன்னும் இரண்டு இடத்துக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. சிவப்பு மையில் எழுதிய சொல்லை அடித்துவிட்டேன். அவர் அந்த இரவு லண்டன் மேடையில் அரசனாக நின்றாரா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. சாரக்காரருக்கும் அப்படியேதான் எழுதினேன்.